வாசலில் நிற்கப் போவது மின் ஸ்கூட்டரா, மொபெட்டா?

கடை என்று ஒன்று இருந்தால் அதன் வாசலில் வண்டி ஒன்றும் நிற்க வேண்டும் என்ற நிலை நெல்லை வட்டாரத்தில் ஏற்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விடியுமுன் நயினார்குளம் மொத்தச் சந்தை, பிறகு கடை, பதினோரு மணிக்கு வங்கி, மதியம் சாப்பாட்டுக்கு வீடு, மாலையில் வாடிக்கையாளர் வீட்டுக்குச் சரக்கு, இரவில் வசூல் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை ஆகிவிடுகிறது. ஒவ்வொரு நடையும் இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் மாதக் கடைசியில் பெட்ரோல் செலவைக் கூட்டிப் பார்த்தால் அது ஒரு சிறு கடையின் மின் கட்டணத்துக்குக் குறையாமல் வந்து நிற்கிறது.

இந்த நிலையில், பழைய மொபெட்டை மாற்றும் காலம் வரும்போது, "அண்ணாச்சி, கரண்ட் வண்டி எடுக்கலாமா? பழையபடி மொபெட்டே போதுமா?" என்ற கேள்வி கடைக்குக் கடை எழுகிறது. ஷோரூமில் இதற்குக் கிடைக்கும் பதில் விற்பவரின் பதில். வாங்குகிறவர் போட வேண்டிய கணக்கு வேறு. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

மொபெட் வந்த வழி

நம் நாட்டில் மொபெட்டைப் பட்டிதொட்டி வரை கொண்டு சென்றது 1972-ல் புனேயின் கைனடிக் நிறுவனம் கொண்டுவந்த லூனா. அதன்பின் 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் ஏறிச் செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட் அதுதான். டி.வி.எஸ். நிறுவனத்துக்கு வித்திட்ட டி. வி. சுந்தரம் அய்யங்கார் நமது திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பது நெல்லை வணிகர்களுக்கு ஒரு தனிப் பெருமை.

இரண்டு பேர் ஏற என்று செய்த வண்டியில் நம்மவர்கள் அரிசிச் சிப்பம், எண்ணெய் டின், வாழைத்தார், கேஸ் சிலிண்டர் என்று எல்லாவற்றையும் ஏற்றினார்கள். வண்டியும் தாங்கியது. 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தபின் பெட்ரோலுடன் ஆயில் கலக்கும் வேலை ஒழிந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்ததையொட்டி கார்புரேட்டரும் போய், பியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. இன்றும் 90 கிலோவுக்குக் குறைந்த எடை, நான்கு லிட்டர் டேங்க், கால் வைக்கும் இடத்தில் மூட்டை நிற்கும் வசதி, எந்த ஊரிலும் பழுது பார்க்க ஒரு மெக்கானிக் என்பவைதான் மொபெட்டின் பலம்.

மின் வண்டி வந்த வழி

மின் ஸ்கூட்டரும் நேற்று முளைத்ததல்ல. 2008-லேயே கோவையில் ஆம்பியர் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆனால் அந்தக் காலத்து வண்டிகளில் இருந்தது ஈய அமில பேட்டரி. எடை அதிகம், ஓட்டம் குறைவு, இரண்டு ஆண்டுகளுக்குள் பேட்டரி மாற்றும் செலவு. அன்று வாங்கியவர்கள் பலரும் மீண்டும் பெட்ரோலுக்கே திரும்பினார்கள்.

லித்தியம் பேட்டரி வந்தபின் நிலைமை மாறியது. 2020 ஜனவரியில் டி.வி.எஸ். ஐகியூப், பஜாஜ் சேத்தக் ஆகிய இரண்டும் மின் வண்டிகளாக வெளிவந்தன. ஏத்தர் ஓசூரிலும், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகிலும், ஆம்பியர் ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை அமைத்தன. ஆக, இந்தியாவின் மின் ஸ்கூட்டர்களில் பெரும் பகுதி தமிழ்நாட்டில்தான் உருவாகிறது. 2024 பிப்ரவரியில் பழைய லூனாவே மின் மொபெட்டாக மீண்டும் வந்தது. 2 கிலோவாட் மணி பேட்டரி, மணிக்கு 50 கி.மீ. வேகம், 150 கிலோ பாரம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. இதனால் "மின் வண்டி என்றால் ஸ்கூட்டர், மொபெட் என்றால் பெட்ரோல்" என்ற பழைய பாகுபாடும் மறைந்துவிட்டது.

முதலில் உங்கள் நடையை எண்ணுங்கள்

வண்டியைப் பார்க்கப் போகுமுன் பத்து நாட்களுக்கு உங்கள் வண்டியின் கிலோமீட்டர் எண்ணைக் காலையிலும் இரவிலும் பேரேட்டின் ஓரத்தில் குறித்து வாருங்கள். தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்பது தெரியாமல் இந்த வியாபாரத்தில் இறங்கக் கூடாது.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 300 வேலை நாட்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். மொபெட் லிட்டருக்கு 50 கி.மீ. தருகிறது. மின் வண்டியில் 2 கிலோவாட் மணி பேட்டரி. ஒரு முறை முழுதாக ஏற்றினால் ரோட்டில் 60 கி.மீ. ஓடுகிறது. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து முழு சார்ஜுக்கு 2.3 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று சற்றுக் கூட்டியே வைத்துக்கொள்வோம்.

தினம் 8 கி.மீ. ஓடுபவருக்கு: ஆண்டுப் பெட்ரோல் ரூ. 4,800. மின்சாரம் ரூ. 920. மிச்சம் ரூ. 3,880.

தினம் 20 கி.மீ. ஓடுபவருக்கு: பெட்ரோல் ரூ. 12,000. மின்சாரம் ரூ. 2,300. மிச்சம் ரூ. 9,700.

தினம் 40 கி.மீ. ஓடுபவருக்கு: பெட்ரோல் ரூ. 24,000. மின்சாரம் ரூ. 4,600. மிச்சம் ரூ. 19,400.

ஷோரூமில் கணக்கு இத்துடன் முடிந்துவிடும். வியாபாரியின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. பேட்டரி என்பது தேய்ந்துபோகும் முதல். அதை மாற்ற 30,000 ரூபாய் ஆகும், ஐந்து ஆண்டு வரும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 6,000 ரூபாயைத் தேய்மானமாக ஒதுக்க வேண்டும். இதைக் கழித்தால், 40 கி.மீ. ஓடுபவருக்கு ரூ. 13,400 நிற்கிறது. 20 கி.மீ. ஓடுபவருக்கு ரூ. 3,700 நிற்கிறது. 8 கி.மீ. மட்டும் ஓடுபவருக்கோ ரூ. 2,120 கையைக் கடிக்கிறது. பேட்டரி எட்டு ஆண்டு உழைத்தாலும் அவருக்கு லாபம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. குறைவாக ஓடினாலும் பேட்டரிக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

மின் வண்டிக்கு ஆயில் மாற்றுவது, பிளக், ஏர் பில்ட்டர் போன்ற செலவுகள் இல்லை. அதனால் ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலாக மிஞ்சலாம். அடிக்கடி நிறுத்தி எடுக்கும் குறுகிய நடைகளில் பெட்ரோல் வண்டி 50 கி.மீ. தராது, 40-க்கும் இறங்கும் என்பதும் மின் வண்டிக்குச் சாதகம். மறுபுறம், தவணையில் வாங்கினால் வட்டி உண்டு. மின் வண்டியின் விலை எவ்வளவு கூடுதலோ, அந்தத் தொகைக்கான வட்டியையும் எழுதிப் பாருங்கள்.

ஆக, கணக்கு சொல்லும் செய்தி இதுதான்: நடை ஒவ்வொன்றும் குறுகியதாக இருக்கட்டும், ஆனால் நடைகள் நிறைய இருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கே மின் வண்டி லாபம். வீட்டிலிருந்து கடைக்குப் போய்த் திரும்புவதோடு சரி என்பவர் லாபத்துக்காக மாற வேண்டியதில்லை. சத்தம் இல்லை, பெட்ரோல் பங்கில் நிற்க வேண்டியதில்லை, வயதானவர்களுக்கு ஓட்ட எளிது என்பதற்காக வாங்கலாம். அது வசதிக்கான செலவு என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

விளம்பரத் தூரமும் ரோட்டுத் தூரமும்

விளம்பரத்தில் வரும் தூரம் சோதனைக் கூடத்தில் அளந்தது. நம் ரோட்டில், நம் வெயிலில், பாரத்தோடு ஓடும்போது கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரிக்கு வயதாகும்போது இன்னும் சிறிது குறையும். ஆகவே உங்கள் தினசரி ஓட்டத்தைப் போல் இரண்டு மடங்கு விளம்பரத் தூரம் உள்ள வண்டியைப் பார்த்தால் போதும். அதற்குமேல் பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் பணம் தூங்கும் முதல்தான்.

மாநகருக்குள் இது கவலைப்பட வேண்டிய விஷயமே அல்ல. டவுனிலிருந்து சந்திப்பு, வண்ணார்பேட்டை வழியாகப் பாளையங்கோட்டை மார்க்கெட் சுமார் 7 கி.மீ. மேலப்பாளையம், பேட்டை, தச்சநல்லூர் எல்லாம் இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரத்துக்கு அப்பளக் கட்டு கொண்டுபோய்ப் போடுகிறவருக்கும் இதே கதைதான்.

ஆனால் நெல்லையிலிருந்து சேரன்மாதேவி, வீரவநல்லூர் என்று ஆர்டர் எடுத்துக்கொண்டே அம்பாசமுத்திரம் வரை போய்த் திரும்பும் விற்பனையாளருக்கு, போக வர 70 கி.மீ. ஆகிவிடுகிறது. கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் போகிறவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். இப்படிப்பட்ட லைன் வியாபாரத்துக்குச் சிறிய பேட்டரி வண்டி ஒத்து வராது. மதியம் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட ஒரு நண்பரின் கடை வழியில் உறுதியாக இருந்தால் பார்க்கலாம். இல்லையேல் மொபெட்தான் கைகொடுக்கும்.

பாரம் ஏற்றிப் பாருங்கள்

மின் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் குடும்பத்தை மனதில் வைத்துச் செய்தவை. சிலவற்றில் கால் வைக்கும் தளம் குறுகியது, சிலவற்றில் நடுவே மேடு. சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைக்க இடம் இருக்கும். 25 கிலோ சிப்பம் வைக்க இடம் இருக்காது. ஆகவே ஓட்டிப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு சிப்பத்தை முன்னால் வைத்து, பின்னால் ஒருவரை ஏற்றி, ஈரடுக்கு மேம்பாலத்தில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். ஏற்றத்தில் வண்டி திணறுகிறதா, மூட்டை இருக்கும்போது கைப்பிடி முழுதாகத் திரும்புகிறதா, பிரேக் பிடித்தால் வண்டி நேராக நிற்கிறதா என்பதை அப்போதுதான் அறியலாம். நிறுவனம் எழுத்தில் கொடுத்துள்ள பாரத்தில் ஓட்டுபவரின் எடையும் சேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

லைசென்ஸ் வேண்டாத வண்டி

மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாமல் இருந்தால் அதற்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை என்பது மோட்டார் வாகன விதி. வயதானவர்கள் தெருவுக்குள் போய்வர இது போதும். ஆனால் கடை வேலைக்கு இதை நம்புவதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன.

முதலாவது, வாங்கும்போதே "வேகத்தைக் கூட்டித் தருகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். 25 கி.மீ.யைத் தாண்டிய அந்த நிமிடமே அது பதிவில்லாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு முழுவதும் உரிமையாளர் தலையில்தான். இரண்டாவது, லைசென்ஸ் வேண்டாம் என்ற எண்ணத்தில் பதினெட்டு வயது நிரம்பாத பையன்களிடம் எல்லா வண்டியையும் கொடுத்துவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. 2019 சட்டத் திருத்தப்படி சிறுவர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பதிவுடன், பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து உள்ள வண்டியையே கடைக்கு வாங்குவது நல்லது.

சார்ஜ் போடும் இடம்

வியாபாரிகள் மிக மிகக் கவனிக்க வேண்டிய பகுதி இது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டரில் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய தீ விபத்துகள் நடந்ததையடுத்து, மத்திய அரசு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தரத்தைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக அமல்படுத்தியது. பழைய இருப்பையோ, செகண்ட் ஹேண்ட் வண்டியையோ மலிவாகத் தருகிறார்கள் என்றால், தயாரித்த மாதத்தையும் இந்தத் தரச் சான்றையும் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நம் கடைகள் பலவற்றுக்கு ஒரே வாசல். இரவு ஷட்டரை இறக்கிவிட்டு, துணிக்கட்டுக்கும் அட்டைப் பெட்டிக்கும் நடுவில் வண்டியை நிறுத்தி, விடிய விடிய சார்ஜ் போட்டு வைப்பது முதலையே பணயம் வைப்பதற்குச் சமம். ரதவீதிப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் முன்வாசல் ஒன்றே வழி. அந்த நடையில் சார்ஜ் போட்டால் ஆபத்து நேரத்தில் வெளியேற வழி இருக்காது. ஆகவே:

1. ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில், கண் பார்வையில், சரக்கிலிருந்தும் வாசல் வழியிலிருந்தும் தள்ளிச் சார்ஜ் போடுங்கள்.

2. எர்த் உள்ள பிளக்கிலிருந்து நேராகப் போடுங்கள். வயரை நீட்டி, ஸ்விட்ச் பெட்டியில் தொங்கவிட்டுப் போடாதீர்கள். இந்த அளவு பேட்டரியின் சார்ஜர் இழுப்பது ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவுதான். ஆனால் இஸ்திரிப் பெட்டி போல் கால் மணி நேரமல்ல, நான்கைந்து மணி நேரம் இழுக்கும். பழைய வயரிங் இதைத் தாங்காது.

3. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜரைத் தொடாதீர்கள்.

4. மாடி வீட்டுக்காரர்கள் கழற்றி எடுத்துச் செல்லும் பேட்டரி உள்ள வண்டியைப் பார்க்கலாம். அதைப் படுக்கையறையில் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது.

5. புகையோ, கருகிய வாடையோ வந்தால் அணைக்க முயன்று பக்கத்தில் நிற்காமல் அனைவரும் வெளியேறி, 101-க்குத் தகவல் கொடுங்கள்.

வெயிலும் வெள்ளமும்

கோடையில் பாளையங்கோட்டையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பல. சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். நிழலில் நிறுத்துவதும், ஓட்டி வந்த சூடு தணிய அரைமணி நேரம் விட்டுச் சார்ஜ் போடுவதும் பைசா செலவில்லாத பராமரிப்பு.

வெள்ளம் வேறு விஷயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஏறி வந்ததை யாரும் மறக்க முடியாது. சந்திப்பு, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பகுதிகளில் கடைகளும் வண்டிகளும் நீரில் நின்றன. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கும் இந்த ஆற்றின் குணம் தெரியும். மின் வண்டி விற்பவர் "ஐ.பி. 67, தண்ணீர் போகாது" என்பார். ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தால் அது பொருந்தாது. மூழ்கிய வண்டியை ஆன் செய்யவோ, சார்ஜ் போடவோ கூடாது. தள்ளிக்கொண்டு சர்வீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மொபெட் என்றால் தண்ணீரை வடித்து, ஆயிலை மாற்றி ஓட்டிவிடலாம். மின் வண்டியில் பேட்டரி போனால் வண்டி விலையில் பெரும் பங்கு போய்விடும். ஆற்றுக் கரையோரக் கடைக்காரர்கள் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், வெள்ளச் சேதத்துக்கும் சேர்த்து முழுக் காப்பீடு எடுத்து, பேட்டரி அதில் அடங்குகிறதா என்று பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

விற்பவர் நாளை இருப்பாரா?

மொபெட்டுக்கு முக்கூடலிலும் மெக்கானிக் உண்டு. மின் வண்டிக்கு நிறுவனத்தின் சர்வீஸை விட்டால் வேறு கதி இல்லை. நாட்டின் முன்னணி மின் ஸ்கூட்டர் நிறுவனம் ஒன்றின் மீதே 10,000-க்கு மேற்பட்ட புகார்கள் குவிந்து, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. மானியப் பிரச்சினையில் சிக்கிய சில நிறுவனங்களின் விற்பனை 2023-க்குப் பிறகு அடியோடு சரிந்தது. அவற்றை வாங்கியவர்கள் உதிரிப் பாகத்துக்கு அலைந்தார்கள்.

ஆகவே ஷோரூமைப் பார்ப்பதைவிட, அதன் பின்னால் உள்ள ஒர்க்‌ஷாப்பைப் போய்ப் பாருங்கள். அங்கே நிற்கும் வண்டிக்காரர்களிடம், விட்டு எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை சதவீதம் திறன் குறைந்தால் மாற்றித் தருவார்கள், இன்றைய தேதியில் புதுப் பேட்டரி விலை என்ன என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

மானியத்தை நம்பியும் முடிவெடுக்க வேண்டாம். மத்திய மானியம் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக இருந்தது, 2023 ஜூனில் 10,000 ஆயிற்று. 2024 ஏப்ரலில் 5,000, 2025 ஏப்ரலில் 2,500 என்று இறங்கிவிட்டது. வரியில் இருந்த இடைவெளியும் குறைந்துள்ளது. மின் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம். சிறிய பெட்ரோல் வண்டிக்கு 28 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். எனவே சலுகை எல்லாம் கழித்து, பதிவும் காப்பீடும் சேர்த்து, ரோட்டுக்கு வரும் விலையை மட்டுமே ஒப்பிடுங்கள்.

யாருக்கு எது?

மாநகருக்குள் தினம் 20 கி.மீ.க்கு மேல் ஓடி, சொந்த இடத்தில் பத்திரமாகச் சார்ஜ் போட வசதியுள்ள மருந்துக் கடை, ஜவுளி, ஸ்டேஷனரி, பலசரக்கு வியாபாரிகளுக்கு மின் வண்டி பொருந்தும். மூட்டை ஏற்றுகிறவர்கள் ஸ்கூட்டரை விட மின் மொபெட் வகையைப் பார்ப்பது நலம். நாள் முழுதும் பள்ளத்தாக்கு ஊர்களில் லைன் போகிறவர்கள், ஒரே வாசல் உள்ள கடையைத் தவிர வேறு இடம் இல்லாதவர்கள், அருகில் சர்வீஸ் இல்லாத ஊர்க்காரர்கள் இப்போதைக்கு மொபெட்டில் இருப்பதே புத்திசாலித்தனம். தினம் எட்டு, பத்து கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவர், இருக்கும் வண்டி நன்றாக ஓடுகிறது என்றால், எதையும் வாங்காமல் இருப்பதே பெரிய மிச்சம்.

இரண்டு வண்டி வைத்திருக்கும் கடைகளில் ஒன்றை மட்டும் முதலில் மாற்றி, ஒரு கோடையும் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையும் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யலாம். 1944 முதல் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்துவரும் பூமி இது. மின்சாரத்தில் ஓடும் வண்டி நமக்குப் புதுமையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நயினார்குளத்தில் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கவே நாலு மூட்டையைக் குத்திப் பார்க்கிறோம். ஐந்தாண்டு ஓட வேண்டிய வண்டிக்கு அதைவிடக் குறைந்த சோதனை போதாது.